சுவிட்சுக்கு முன்னே மூன்று ஏற்பாடுகள்

சுவிட்சு என்றதும் விளக்கைப் போடும் விசைதான் நம் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போவது வேறு வகைச் சுவிட்சு. ஒரு பள்ளியிலுள்ள கணினிகள், தொலைபேசிகள், கண்காணிப்புக் கேமராக்கள் ஆகிய அனைத்தையும் இணைத்து, செய்திகளை உரிய இடத்துக்கு அனுப்பும் பெட்டி அது. ரேக் எனப்படும் 19 அங்குல அகலமுள்ள இரும்புச் சட்டத்தில் அதனைப் பொருத்துவார்கள். ஒரு கணினி பழுதானால் ஒருவர் வேலைதான் நிற்கும். இந்தப் பெட்டி நின்றாலோ எல்லாமே ஒரே நொடியில் ஊமையாகிவிடும். ஆதலால், அதனை வாங்குவதற்கு முன்பே மின்சாரம், குளிர்ச்சி, கேபிள் ஆகிய மூன்றையும் ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் மின்சாரத்தைப் பார்ப்போம். சில சுவிட்சுகள், செய்தி செல்லும் கேபிள் வழியாகவே கேமராவுக்கும் தொலைபேசிக்கும் மின்சாரம் ஊட்டுகின்றன. 2003-ஆம் ஆண்டில் வந்த தரவிதி, ஓர் இணைப்புக்கு 15.4 வாட் தர வகை செய்தது. 2009-இல் அது 30 வாட் ஆயிற்று. 2018-இல் 90 வாட் வரை உயர்ந்தது.

ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு சுவிட்சுகள் தமக்கெனத் தலைக்கு 100 வாட் எடுக்கின்றன, 20 கேமராக்களுக்குத் தலைக்கு 10 வாட் வேண்டும். மொத்தம் 400 வாட். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் இது 2 ஆம்பியருக்கும் குறைவே. சுமை சிறிதுதான், ஆயினும் தனிக் காப்பு விசையுடன் தனி இணைப்புக் கொடுப்பதே நன்று. இல்லையேல், பக்கத்து அறையில் தேநீர்க் கெத்தல் பழுதாகி மின்சாரம் வெட்டுப்பட்டால், சுவிட்சும் சேர்ந்து நின்றுவிடும். இரண்டு மின்வடம் உள்ள சுவிட்சானால், ஒன்றை யு.பி.எஸ். கருவியிலும் மற்றொன்றை வேறு மின்சுற்றிலும் செருக வேண்டும். இரண்டையும் ஒரே பலகையில் செருகினால் பயன் என்ன? ரேக்குக்கு நிலத்தொடர்பும் இன்றியமையாதது. இப்பணிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

அடுத்தது குளிர்ச்சி. மேற்சொன்ன 400 வாட்டில் கேமராக்களுக்குச் செல்லும் 200 வாட், பெரும்பாலும் கேமரா இருக்கும் இடத்திலேயே வெப்பமாகிறது. மீதி 200 வாட்டும், மின்மாற்றத்தில் வீணாகும் சிறு பங்கும் ரேக்கிலேயே தங்குகின்றன. பூட்டிய அலமாரிக்குள் இரவும் பகலும் எரியும் அடுப்பைப் போன்றது இது. உள்ளே புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியசுக்குள் இருப்பது நலம். நம் நாட்டு அலுவலகங்களில் மாலையானதும் குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவது வழக்கம்; சுவிட்சுக்கோ விடுமுறை இல்லை. ஆகையால் பெரிய குளிர்சாதனத்தைவிட, இடையறாது காற்றோடும் வழியே முக்கியம். எல்லாச் சுவிட்சுகளும் ஒரே திசையில் காற்றை இழுக்குமாறு பொருத்த வேண்டும். ஒன்று விடும் வெப்பக் காற்றை மற்றொன்று உறிஞ்சலாகாது. குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் கீழே ரேக்கை வைத்தால் நீர் சொட்டும் அபாயமும் உண்டு.

மூன்றாவது கேபிள். செம்புக் கேபிள் மொத்தம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. சுவருக்குள் 90 மீட்டரும், இரு முனைகளிலும் சேர்த்து 10 மீட்டரும் என்பது கணக்கு. மின்கம்பியோடு ஒட்டி இழுக்காமல் விலக்கி வைக்க வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் முறுக்கிணைகள் நசுங்கும். ஒட்டும் துணிப்பட்டையே போதும். இடிமின்னல் மிகுந்த நம் வட்டாரத்தில், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் செம்புக் கேபிளை இழுப்பது ஆபத்து. மின்னலின் தாக்கம் அதன் வழியே இரு பக்கத்துக் கருவிகளையும் கெடுக்கலாம். உலோகம் கலவாத கண்ணாடியிழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது. அதையே அங்குப் பயன்படுத்த வேண்டும்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் எழுதி ஒட்டுவது அரைநாள் வேலை. எழுதாமல் விட்டால், பழுது வரும் நாளில் நூறு கேபிள்களுக்கிடையே ஒன்றைத் தேடித் திண்டாட நேரும். பள்ளி வாரியமோ சங்கமோ பணம் திரட்டும்போது, பெட்டியின் விலையோடு இந்த மூன்று ஏற்பாடுகளின் செலவையும் முதலிலேயே சேர்த்துக்கொள்வது அறிவுடைமையாகும்.