அட்டையிலே இருக்கலாம், சங்கத்திலே கூடாதாம்!

"ஜேபில் வருகிறது!" - திருவெறும்பூர்த் தேநீர்க் கடைப் பலகையிலே உட்கார்ந்து பத்திரிகை படிக்கும் உங்களுக்கு, இந்த இரண்டு சொற்கள் எத்தனை வீடுகளில் நம்பிக்கை விளக்கை ஏற்றிவைத்தன என்பதை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2024 செப்டம்பரில், முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின் அவர்கள் அமெரிக்கா சென்றிருந்தபோது கையெழுத்தான ஒப்பந்தம் அது. முதலீடு 2,000 கோடி ரூபாய். வேலை 5,000 பேருக்கு. இடம்? திருச்சி! ஆப்பிள், சிஸ்கோ, எச்.பி. போன்ற பெரும் பெயர்களுக்குப் பொருள் செய்துகொடுக்கும் அமெரிக்க நிறுவனம் ஜேபில்.

மகிழ்ச்சி ஏன் பொங்காது? 1960களில் இந்த மண்ணிலே பெல் எழுந்தது. கொதிகலன் செய்தோம், நாட்டின் மின்நிலையங்களுக்கு அனுப்பினோம். பக்கத்திலேயே துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. பெல்லை நம்பித் துவாக்குடி வரையில் சிறு பட்டறைகள் முளைத்தன. பிறகு கொதிகலனுக்கு ஆர்டர் குறைந்தது. பட்டறைகள் பல பூட்டு கண்டன. பற்றவைப்புக் கோல் பிடித்த கரங்கள் வேறு பிழைப்பைத் தேடின. அப்படிப்பட்ட ஊரிலே, "ஆலை வருகிறது" என்றால் அது வெறும் செய்தியா? அடுப்பு எரியுமா என்ற கேள்விக்குப் பதில் அல்லவா!

வரட்டும். மாலை போட்டு வரவேற்போம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மாலையை வாங்கிக்கொள்ள வருகிறவர், நம் மனுவையும் வாங்கிக்கொள்வாரா என்று இப்போதே கேட்டுவைக்க வேண்டும். ஏன் கேட்கவேண்டும்? சுங்குவார்சத்திரம் சொல்லும் பதிலைக் கேளுங்கள்!

ஜேபில் ஒப்பந்தம் கையெழுத்தான அதே செப்டம்பர் மாதம். 9ஆம் நாள். காஞ்சிபுரம் மாவட்டத்திலே, சாம்சங் ஆலையின் வெளியே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். 2007 முதல் இயங்கும் ஆலை; தொலைக்காட்சிப் பெட்டியும், குளிர்பதனப் பெட்டியும், சலவை இயந்திரமும் செய்யும் ஆலை. கோரிக்கை என்ன? ஊதிய உயர்வு கேட்டார்கள். வேலை நேரம் பற்றிக் கேட்டார்கள். அனைத்துக்கும் முதலாக, "எங்கள் சங்கத்தை ஏற்றுக்கொள்" என்றார்கள். சி.ஐ.டி.யு. துணையோடு அவர்கள் அமைத்த சங்கத்தின் பெயர், சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்.

நிர்வாகம் என்ன சொல்லிற்று? "எங்கள் பெயரை உங்கள் சங்கத்துக்கு வைக்காதே!"

என்னே விந்தை! கழுத்திலே தொங்கும் அடையாள அட்டையில் அந்தப் பெயர் இருக்கலாம். அவன் பூட்டிய பெட்டியிலே, ஒட்டிய வில்லையிலே, கட்டிய அட்டைப் பெட்டியிலே இருக்கலாம். இத்தனை இடத்திலும் அந்தப் பெயரை ஒட்டியவன் தொழிலாளி. அவனே நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, "நாங்கள் சாம்சங் தொழிலாளர்கள்" என்று பலகை மாட்டினால், பெயர் கெட்டுவிடுமாம்!

இது வெறும் எழுத்துச் சண்டை அல்ல, தோழர்களே. பெயருக்குள்ளேதான் பொறுப்பு இருக்கிறது. எந்த முதலாளியிடம் பேசுகிறோம் என்பதைப் பெயர்தான் சொல்லும். பெயர் இல்லாத சங்கம், முகவரி இல்லாத கடிதம்!

சரி, சொந்த நாட்டிலே அந்த நிறுவனம் எப்படி? பல பத்தாண்டுகள் சங்கமே கூடாது என்று இருந்தது. 2020 மே மாதம் அதன் துணைத் தலைவர் லீ ஜே-யோங் பொதுமக்கள் முன்னே தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். இனிச் சங்கத்தைத் தடுக்கமாட்டோம் என்றார். 2024 ஜூலையில் தென்கொரியத் தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே தலைகுனிந்தவர்கள், இங்கே தலைநிமிர்ந்து மறுத்தார்கள்!

37 நாள் நடந்தது போராட்டம். அக்டோபர் நடுவிலே அமைச்சர்கள் பேசி முடித்துவைத்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரி 27இல் சங்கம் பதிவாயிற்று, சாம்சங் என்ற பெயரோடு! அதே ஆண்டு மே மாதம் ஊதிய ஒப்பந்தம்; மூன்றாண்டில் மாதம் 18,000 ரூபாய் உயர்வு. பெயர் கிடைத்தது, பின்னாலேயே ஊதியமும் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்!

பெயர் ஓரிடம், பொறுப்பு வேறிடம் என்றிருந்தால் என்ன ஆகும்? திருப்பெரும்புதூர் பக்கம் பாருங்கள். ஆப்பிள் கைப்பேசியைக் கோத்துக்கொடுப்பது தைவான் நிறுவனமான ஃபாக்ஸ்கான். அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். ஆளைச் சேர்ப்பவன் ஒப்பந்தக்காரன். விடுதி நடத்துகிறவன் இன்னொருவன். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். நம் சகோதரிகள் என்ன செய்தார்கள்? சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையிலே வந்து அமர்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் கலிபோர்னியாவுக்குக் காது கேட்டது! ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக ஆப்பிள் அறிவித்தது. விடுதியைச் சீர்திருத்தும் வலிமை பெயருக்கு உடையவனிடம் இருந்தது என்பது அன்று வெளிச்சமாயிற்று. சங்கம் இருந்திருந்தால் கதவைத் தட்டியே கேட்டிருக்கலாம். இல்லாததால் சாலையை மறித்துக் கேட்கவேண்டி வந்தது.

2024 ஆகஸ்டிலே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு தமிழக அரசு பெண்களுக்கு விடுதி திறந்தது. பாராட்டுகிறோம். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, மணமான பெண்களுக்கு அந்த ஆலையிலே வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதிற்று. நிறுவனம் மறுத்தது. மறுக்கட்டும். சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கிய நாட்டிலே, திருமணமே தகுதிக் குறைவா என்ற கேள்வி எழுந்ததே, அதுவே நமக்குத் தலைக்குனிவு அல்லவா?

நோக்கியாவை நினைவிருக்கிறதா? 2006இல் வந்தது. "நான் நோக்கியாவிலே வேலை" என்று இளைஞன் சொன்னால் பெண் கொடுக்க ஆள் வந்தது. பின்னர் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கிற்று. வரி வழக்கிலே சிக்கிய திருப்பெரும்புதூர் ஆலையை விட்டுவிட்டு வாங்கிற்று! 2014 நவம்பர் 1 முதல் ஆலை நின்றது. பெயர் பறந்துவிட்டது, தொழிலாளி தெருவிலே நின்றான்.

இனி, சிலருக்குக் கசக்கும் ஒரு சொல். சாம்சங் தொழிலாளரின் பந்தல் பிரிக்கப்பட்டதும், அவர்கள் கைது செய்யப்பட்டதும் யாருடைய ஆட்சியிலே? நம் ஆட்சியிலே! "நம்மவர் ஆட்சி, ஆகவே பேசாதே" என்பார் உண்டு. நான் கேட்கிறேன்: மே நாளைச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையாக்கியது 1969இல் யார்? நாம்! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டமுன்வடிவு வந்தபோது, தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மே 1இல் அது திரும்பப் பெறப்பட்டது. பேசியதால் கேட்டது ஆட்சி. பேசாதிருந்தால்? சட்டம் நின்றிருக்கும்; நம் பெயர் சாய்ந்திருக்கும். குறையைச் சொல்லும் தொண்டன் கட்சிக்குப் பகைவனல்ல, காவற்காரன்!

டெல்லியோ இன்னொரு பக்கம் இறுக்குகிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. வேலைநிறுத்தம் செய்ய எந்த ஆலையிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 100 பேர் வேலை செய்தாலே ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்தது, 300 ஆயிற்று. கதவு குறுகுகிறது, தோழர்களே! குறுகிய கதவிலே தனித்தனியே நுழைய முடியாது என்று எண்ணாதீர்கள். தனித்தனியே நுழைந்தால்தான் நசுக்குவது எளிது.

நமக்கு இது புதுப் பாடம் அல்ல. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டார்கள் வாடியாவும் திரு.வி.க.வும். பின்னி முதலாளி நீதிமன்றம் போய்த் தடை வாங்கினான். அந்த வழக்கின் வடு ஆறவில்லை. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. நம் பக்கத்துப் பொன்மலையிலே, 1946 செப்டம்பர் 5, சங்கத் திடலிலே துப்பாக்கி வெடித்தது. ஐந்து ரயில்வே தொழிலாளர்கள் மாண்டார்கள். சங்கம் என்ற சொல் நமக்கு அகராதியிலிருந்து கிடைத்ததல்ல. அந்தத் திடலின் மண்ணிலிருந்து கிடைத்தது.

ஆகவே, திருச்சிக்கு வரும் எந்த ஆலையாயினும் நாம் கேட்பது மூன்றுதான். சங்கம் வைக்க விண்ணப்பித்தால் பதிவு அலுவலகம் மாதக்கணக்கில் உறங்கக் கூடாது. நிலமும் மின்சாரமும் சலுகையும் தரும் ஒப்பந்தத்திலேயே, தொழிலாளர் உரிமைக்கும் ஒரு வரி இருக்கவேண்டும். ஒப்பந்தக்காரன் சேர்த்த பெண்ணானாலும், அவள் உணவுக்கும் உறைவிடத்துக்கும் பொருளின் மேலே பெயர் பொறித்தவன் பதில் சொல்லவேண்டும்.

தேவர்கள் எறும்பாகி மலை ஏறினார்கள் என்று நம் ஊருக்குத் தலபுராணம் சொல்வார்கள். நம்புவோர் நம்பட்டும். நமக்குத் தெரிந்த எறும்புகள், சங்கு ஊதியதும் சாரை சாரையாய் வாயிலுக்குள் செல்லும் உழைப்பாளிகள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்றார்கள் பெரியோர். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: ஓர் எறும்பு ஊர்ந்து எந்தக் கல்லும் தேய்ந்ததில்லை!