லாரித் தண்ணீரும் லைசென்ஸும்

"மாப்ளே, அந்த லாரித் தண்ணி புரோகிராமை எனக்கும் ஒரு காப்பி போட்டுக் குடுங்களேன்!"

மனைவியின் சித்தப்பா, அதுவும் மேடவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, வைத்த காபியைக்கூடத் தொடாமல் இப்படிக் கேட்டபோது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிற மாப்பிள்ளையிடம் அந்தக் குடும்பத்தில் யாரும் அதுவரை எதுவும் கேட்டதில்லை. ("எப்ப வேலைக்குப் போகப் போறீங்க?" என்பதைத் தவிர!)

புரோகிராம் பிறந்தது 2019 கோடையில். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, எங்கள் போர்வெல் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்த சமயம். ஃபிளாட்ஸில் 16 வீடு. லாரித் தண்ணீர் வாங்கினோம். வாங்கியது பெரிதல்ல, பணத்தைப் பிரிப்பதில்தான் குருக்ஷேத்திரம். வீட்டுக்கு இவ்வளவு என்றால், தனியாக இருக்கும் மாமி சண்டைக்கு வந்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்றால், பெரிய ஃபிளாட்காரர் "ஏன் சார், என் ஹால் குளிக்குமா?" என்றார். கடைசியில் ஆளுக்கு இவ்வளவு என்று முடிவாயிற்று. குழந்தை அரை ஆள். ஊருக்குப் போனால் கழிவு. விருந்தாளி வந்தால் கூடுதல்.

இதையெல்லாம் முதலில் எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். 2020 ஊரடங்கில் எல்லோரும் ஜிலேபி சுற்றிக்கொண்டிருந்தபோது நான் பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு, அதை ஒரு புரோகிராமாகவே எழுதிவிட்டேன். சுமார் 1,400 வரி.

சித்தப்பாவுக்கு 2022-ல் கொடுத்தது ஓடக்கூடிய ஃபைல் மட்டும்தான். க்ளிக் செய்தால் கணக்குப் போடும். உள்ளே எப்படிப் போடுகிறது என்று பார்க்க முடியாது. அதாவது பலகாரத்தைக் கொடுத்தேன், பக்குவத்தைச் சொல்லவில்லை. அந்தப் பக்குவத்துக்குப் பெயர்தான் சோர்ஸ் கோட். அதையும் சேர்த்து, 'இந்தா எடுத்துக்கோ, வேணும்னா திருத்திக்கோ, அடுத்த வீட்டுக்கும் கொடு' என்று ஊருக்கே கொடுத்துவிட்டால் அது ஓப்பன் சோர்ஸ்.

அதைச் செய்யலாமா, வேண்டாமா? இதற்காக நான் ஒன்றரை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்கள். லாரித் தண்ணீர்க் கணக்குக்கு இத்தனை அலட்டலா என்று என் மனைவியும்தான் சிரித்தாள்.

முதலில் தூபம் போட்டவன் அக்கா பையன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். "மாமா, கிட்ஹப்ல போட்டுடுங்க. உலகமே பார்க்கும்" என்றான். ஸ்டால்மன் கதையை அவன்தான் சொன்னான். ரிச்சர்ட் ஸ்டால்மன், எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை அல்ல, அமெரிக்கா) வேலை பார்த்த புரோகிராமர். அவர்கள் லேபுக்கு வந்த புது பிரிண்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கியது. சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி புரோகிராமைத் திருத்தலாம் என்று சோர்ஸ் கோட் கேட்டார். "தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்று மறுத்துவிட்டார் அதை வைத்திருந்தவர். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1983-ல் 'குனு' என்ற பெயரில், யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற இயக்கத்தையே ஆரம்பித்துவிட்டார். ஒரு பேப்பர் சிக்கல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

அடுத்து வந்தவர் ஒரு வியாபாரி. ஃபிளாட்களுக்கு மெயிண்டனன்ஸ் வசூல் ஆப் விற்பவர். "நாப்பதாயிரம் தர்றேன் சார். ஆனா வேற யாருக்கும் குடுக்கக் கூடாது" என்றார். நாற்பதாயிரம்! கட்டுரை எழுதி அதைச் சம்பாதிக்க எனக்கு எத்தனை மாதம் ஆகும் என்பதை இங்கே சொன்னால் எடிட்டர் வருத்தப்படுவார்.

மூன்றாவது, பயம். கொடுத்தபிறகு ஏற்படும் தொல்லை பற்றிய பயம். 2016 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. 'லெஃப்ட்-பேட்' என்று ஒரு குட்டிப் புரோகிராம். மொத்தமே 11 வரி. ஓர் எழுத்துச் சரத்துக்கு இடப்பக்கம் இடைவெளி சேர்க்கும், அவ்வளவுதான். எழுதியவர் ஏதோ மனஸ்தாபத்தில் அதைப் பொது இடத்திலிருந்து எடுத்துவிட்டார். அதன்மேல் நின்றுகொண்டிருந்த ஆயிரக்கணக்கான புரோகிராம்கள் உலகம் பூராவும் படுத்துவிட்டன. கடைசியில் அவர் சம்மதமில்லாமலே அதைத் திரும்ப வைத்தார்கள்! கொடுத்த தானத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்று பெரியவர்கள் சொன்னது கம்ப்யூட்டருக்கும் பொருந்துகிறது.

2024-ல் நடந்தது வேடிக்கையே இல்லை. ஃபைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்-இஸட்' என்ற இலவசப் புரோகிராமைப் பல வருடமாகப் பெரும்பாலும் தனி ஆளாக ஒருவர் கவனித்துவந்தார். சம்பளம் கிடையாது, உடம்பும் மனசும் சரியில்லை. 'ஏன் இவ்வளவு தாமதம்?' என்று ஆளாளுக்கு நச்சரித்தார்கள். உதவிக்கு வந்தார் ஒரு நல்லவர். இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, கடைசியில் உள்ளே திருட்டு வாசல் வைத்துவிட்டார். யார் என்ன என்று இன்னும் வெளிச்சத்துக்கு வரவில்லை. அதைக் கண்டுபிடித்தவரோ, தன் கம்ப்யூட்டரில் லாகின் ஆக அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று குடைந்த ஒரு இன்ஜினீயர். அரை விநாடி! நாமெல்லாம் கம்ப்யூட்டர் திறப்பதற்குள் பல் தேய்த்துவிட்டு வருகிறவர்கள்.

"குடுக்கறதுன்னா குடுங்க. ஆனா ராத்திரி பத்து மணிக்கு 'சார், டோட்டல் வரலை'ன்னு போன் வந்தா நான் எடுக்க மாட்டேன்" என்று மனைவி தன் கட்சியைச் சொல்லிவிட்டாள். நான் புரோகிராமை மூடிவைத்துவிட்டு, அந்த வியாபாரிக்குச் சரி சொல்லலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

"தம்பி, மேடவாக்கத்திலேருந்து பேசறேன். உங்க சித்தப்பா இருக்கற ஃபிளாட்ஸ்ல நான்தான் பொருளாளர்."

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வயது எழுபத்து நாலு. குரலில் கோபமே இல்லை. "உங்க புரோகிராம் எப்படிக் கணக்குப் போடுதுன்னு மட்டும் சொன்னீங்கன்னா போதும். நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு தெரிஞ்சுக்கணும். அதான்."

நடந்தது இதுதான். அங்கே கணக்கில் 80 ஆள். மாதம் 10 லாரி. லாரி 2,500 ரூபாய். லாரி பில்களைப் புரோகிராமில் ஏற்றுவது ஒரு பையன். வசூலோ பெரியவர் கையில். அவருக்குக் கம்ப்யூட்டர்மேல் நம்பிக்கை கிடையாது. மாதம் 25,000, அதை 80-ஆல் வகுத்தால் 312 ரூபாய் 50 காசு. நாலு பேர் இருக்கும் வீட்டில் 1,250. கோடு போட்ட நோட்டில் எழுதி, வாங்கி, லாரிக்காரருக்குக் கொடுத்து, ரசீதுகளை நூலில் கோத்துவைத்திருக்கிறார்.

வருடக் கடைசியில் ஜெனரல் பாடி. யாரோ ஒருவர் புரோகிராம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். "வசூல் ஆகியிருக்க வேண்டியது 3 லட்சத்து 7,200. லாரிக்குக் கொடுத்தது 3 லட்சம். மீதி 7,200 எங்கே?"

பெரியவரிடம் பதில் இல்லை. நோட்டைக் காட்டியிருக்கிறார். "கம்ப்யூட்டர் தப்பாப் போடுமா சார்?" என்று கேட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியில், நாற்பது பேர் முன்னால், முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த மனிதரை!

மறுநாள் பென்ஷனிலிருந்து 7,200 ரூபாயை எடுத்துக் கட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் எனக்குப் போன் செய்தார்.

அன்று இரவு 1,400 வரியையும் பிரித்து உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு அகப்பட்டது. ஒவ்வொரு லாரி பில்லையும் தனித்தனியாக ஆள் கணக்கில் வகுத்து, வருகிற காசை அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றுகிற ஒரு வரி. 2,500-ஐ 80-ஆல் வகுத்தால் 31 ரூபாய் 25 காசு. என் புரோகிராம் அதை 32 ஆக்கியது. லாரிக்கு 60 ரூபாய் உபரி. வருடத்துக்கு 120 லாரி. போட்டுப் பாருங்கள், 7,200.

தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. சில்லறைச் சண்டை வராமலிருக்க எங்கள் ஃபிளாட்ஸில் செய்துகொண்ட ஏற்பாடு அது. உபரி மோட்டார் ரிப்பேர் நிதிக்குப் போகும். எங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் அது எழுதியிருக்கிறது. மேடவாக்கத்தில் யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று, மூடிய ஃபைலுக்குள் ஒளிந்துகொண்டு, இன்னொரு ஊரில் ஒரு மனிதரைத் திருடராக்கிவிட்டது. காமர்ஸ் படித்த எவனும், வவுச்சர் காட்டாத கணக்கை ஏற்கமாட்டான். நான் கொடுத்தது வவுச்சரே இல்லாத கணக்கு.

பிரிட்டனில் இது பெரிய அளவில் நடந்திருக்கிறது. அங்கே தபால் அலுவலகங்களில் 1999-ல் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு வந்தது. பணம் குறைகிறது என்று அது சொன்னது. கிளைகளை நடத்தியவர்கள் கைக்காசைப் போட்டு நிரப்பினார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தண்டிக்கப்பட்டார்கள். சிலர் ஜெயிலுக்கே போனார்கள். கோளாறு ஹொரைசனில்தான் என்று லண்டன் உயர் நீதிமன்றம் சொல்ல 2019 ஆயிற்று. 2024-ல் பார்லிமென்ட் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தது. இருபது வருடம், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை வியாபாரிக்குப் போன் செய்து 'வேண்டாம் சார்' என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று காபி சற்றுத் தண்ணியாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

சும்மா இன்டர்நெட்டில் போட்டுவிட்டால் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆகாதாம். நம் நாட்டுக் காப்பிரைட் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராம் ஓர் இலக்கியப் படைப்பு! என் தண்ணீர்க் கணக்கும் கம்பராமாயணமும் சட்டத்தின் கண்ணில் ஒரே வரிசை. எழுதியவரின் ஆயுளுக்கும், அதன்பின் 60 வருடத்துக்கும் உரிமை அவர் வசம். எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுக்காவிட்டால் மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்கலாம். அந்த அனுமதிச் சீட்டுக்குப் பெயர் லைசென்ஸ்.

(ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கம்பெனிக்குச் சொந்தம். வீட்டில் எழுதியதையும் சேர்த்து வளைக்கிற வேலை ஒப்பந்தங்கள் உண்டு. எனக்கு அந்தக் கவலை இல்லை. நான்தான் வேலைக்கே போகவில்லையே!)

லைசென்ஸில் பல ரகம். 'எம்.ஐ.டி. லைசென்ஸ்' தாராளப் பிரபு. யாரும் எடுத்து, மூடி, விற்றுக்கொள்ளலாம்; என் பெயரும் அந்த அனுமதி வாசகமும் இருந்தால் போதும். ஸ்டால்மனின் 'ஜி.பி.எல்.' கறார். விற்கலாம், ஆனால் வாங்குகிறவருக்குச் சோர்ஸ் கோடையும் கொடுத்தாக வேண்டும். லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது காசு வாங்கவே கூடாது என்று நிபந்தனை வைத்தார். 1992-ல் அதை விட்டுவிட்டு ஜி.பி.எல்.லுக்கு மாறினார். அது எங்கே போய் நிற்கிறது என்று உங்கள் ஆண்ட்ராய்டு போனைக் கேளுங்கள். அதன் அடியில் ஓடுவது லினக்ஸ்தான்.

ஜி.பி.எல்.லில் ஓர் ஓட்டை. புரோகிராமை யாருக்கும் கொடுக்காமல், தன் செர்வரிலேயே ஓட்டிக் காசு பார்த்தால் கோடைக் காட்ட வேண்டியதில்லை. அதையும் அடைப்பது 'ஏ.ஜி.பி.எல்.' நான் அதைத்தான் போட்டேன். அந்த வியாபாரி தாராளமாக எடுத்து விற்கட்டும். ஆனால் எந்த ஊர்ப் பொருளாளர் கேட்டாலும் அந்த ரூபாய் ஏற்றுகிற வரியைக் காட்ட வேண்டும்.

உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று லைசென்ஸிலேயே இருக்கிறது. "கல்யாணப் பத்திரிகையிலயும் இதை அச்சடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி.

நச்சரிப்புக்கு என்ன செய்வது? அதற்கும் முன்மாதிரி இருக்கிறது. அநேகமாக எல்லா ஸ்மார்ட்போனிலும் இருக்கிற 'எஸ்.க்யூ.லைட்', ரிச்சர்ட் ஹிப் என்பவர் 2000-ல் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியார் எழுதி அனுப்புவதை அப்படியே சேர்த்துக்கொள்வதில்லை. வாசல் திறந்திருக்கும், அடுப்படிக்குள் வரக்கூடாது. நானும் முகப்பில் எழுதிவைத்தேன்: 'குறை சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்ப்பேன். போன் நம்பர் தரமாட்டேன்.'

வெளியிடுவதற்கு முன் வீட்டை ஒழிக்க வேண்டியிருந்தது. தீபாவளிக்குப் பரண் ஒழிப்பதெல்லாம் இதற்கு முன் ஜுஜுபி. உள்ளே என் ஈமெயில் பாஸ்வேர்ட் இருந்தது. 16 வீட்டு போன் நம்பர் இருந்தது. பாக்கிதாரர் பட்டியலுக்கு நான் வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. ஓரிடத்தில், 'சி-2: கேட்டால் சண்டைக்கு வருவார், மெதுவாகக் கேட்கவும்.' எல்லாவற்றையும் அழித்துவிட்டு அப்பாடா என்று நிமிர்ந்தேன்.

"மாமா, அழிச்சாலும் பழைய வெர்ஷன்ல அப்படியே இருக்குமே" என்றான் பையன். ஒவ்வொரு திருத்தத்தையும் சரித்திரமாக வைத்திருக்குமாம். சி-2 மாமா பேரன் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறான்! பழைய சரித்திரத்தை அப்படியே வீட்டில் விட்டுவிட்டு, துடைத்த கோடை மட்டும் புதிதாக ஏற்றினோம். பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

மேடவாக்கத்துக்கு நேரில் போனேன். காரணத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவசர ஜெனரல் பாடி கூடி 7,200-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். பெரியவர் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வாங்கினார். கம்ப்யூட்டரில் பார்க்க அவருக்குக் கண் ஒத்துழைக்காது என்பதால், பையன் முழுக் கோடையும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அறுபது பக்கத்துக்கு மேல்.

மூன்றாவது வாரம் அந்தக் கட்டு கூரியரில் திரும்பி வந்தது. பூராவும் சிவப்பு மை. நான் தமிழில் எழுதியிருந்த குறிப்புகளில் பதினாலு இடத்தில் ஒற்றுப் பிழை திருத்தியிருந்தார். 23-ம் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்வி: 'குழந்தை அரை ஆள் என்கிறீர்கள். எத்தனை வயது வரை குழந்தை?'

1,400 வரியில் எங்கேயும் அதற்குப் பதில் இல்லை. எங்கள் செகரெட்டரியைக் கேட்டேன். அவர் வீட்டில் இரண்டு பேரன்கள், ஒருவன் பிளஸ் டூ. பதினெட்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.