வெயில் தரும் வேலை



ராமநாதபுரம் என்றாலே ‘தண்ணியில்லாக் காடு’ என்பார்கள். ஆனால் வெயிலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. அந்த மாவட்டத்தின் கமுதியில், சுமார் 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் 2016-இல் இயங்கத் தொடங்கியது. வெயிலை வாங்க ஏறத்தாழ 25 லட்சம் சோலார் பலகைகள்!

ஆயிரக்கணக்கானோர் உழைத்து எட்டே மாதங்களில் கட்டிய நிலையம் அது. கட்டி முடிந்த பிறகு? நிலக்கரி அள்ள வேண்டாம், சாம்பல் அகற்ற வேண்டாம். பலகைகளில் படியும் தூசியைத் துடைப்பதுகூட ரோபோக்கள்தான். ஆட்கள் கொஞ்சம் போதும்.

அப்படியானால் பசுமைப் பொருளாதாரத்தில் நிலைத்த வேலை எங்கே இருக்கிறது? பலகைகளைத் தயாரிக்கும் ஆலைகளில். திருநெல்வேலி அருகே கங்கைகொண்டானில் சோலார் செல்களும் பலகைகளும் உருவாகின்றன. அங்கே பணிபுரிவோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு மாடிகளில் பலகை பொருத்தவும் பழுது பார்க்கவும் ஊருக்கு ஊர் ஆள் தேவை.

வெயிலை அறுவடை செய்தால் மின்சாரம் கிடைக்கும். அறுக்கும் அரிவாளையும் நாமே அடித்தால்தான் வேலையும் வளர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும்!