பொட்டலுக்குப் பிறந்த நெருஞ்சி

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கியதும் எங்கள் பரமக்குடிப் பக்கத்துப் பொட்டலில் நெருஞ்சி படரும். உழாத தரிசு, வண்டித்தடம், களத்துமேடு, கிடை போட்ட இடம் என்று மண் வெறுமையாகக் கிடந்து வெயில் நேராக விழுகிற இடமெல்லாம் அதற்குச் சொந்தம். நிழல் மட்டும் ஆகாது. ஆளும் ஆடும் மிதித்து மிதித்து மற்றச் செடிகள் ஒழிந்த தரையில் அது தாராளமாக வளரும். தரையோடு ஒட்டிக் கிடப்பதால் மிதி அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

நடுவில் ஓர் ஆணிவேர். அதிலிருந்து நாலாபக்கமும் தண்டுகள் ஓடும். நல்ல மழை கண்ட வருடம் ஒரு மீட்டர் நீளம்கூடப் போகும். இலை புளிய இலை மாதிரி சிறு சிறு துணுக்குகளாக இருக்கும். கணுவுக்கு இரண்டு இலை; அதில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கரும்பு, மக்காச்சோளம் போல நெருஞ்சியும் சி4 வகைத் தாவரம். அதாவது கொளுத்தும் வெயிலில் கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டே உணவு தயாரிக்கும். ஈரம் இருக்கும்போதே முளைத்து, பூத்து, காய்த்துவிட்டுக் காய்ந்துபோகும். ஒரு வருடத்துக்கு மேல் அதற்கு ஆயுள் இல்லை.

பூவுக்கு ஐந்து இதழ், பளிச்சென்ற மஞ்சள். காலையில் விரியும். புறநானூற்றில் மோசிகீரனார், வள்ளல் கொண்கானங்கிழானை நோக்கி மலரும் வறிய புலவரின் உண்கலங்களுக்கு, எழுகிற சூரியனை எதிர்கொள்ளும் நெருஞ்சிப் பூவை உவமை சொன்னார். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார், கண்ணுக்கு இனிய பூவைக் காட்டிவிட்டுப் பின்னால் முள்ளைத் தருகிற நெருஞ்சியைத் தலைவனுக்கு உவமையாக்கினார். இந்தச் செடியைப் பூவிலிருந்து காய்வரை கூடவே இருந்து பார்த்தவரால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

முள்ளைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முற்றிய காய் ஐந்து துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முள்; சிறியவையும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். காலில், குளம்பில், டயரில் ஏறிக்கொண்டு விதை ஊர் போவது அப்படித்தான். ஒரு துண்டுக்குள் சில விதைகள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் பெரிய விதைதான் முதலில் முளைக்கும். மற்றவை வருடக்கணக்கில் மண்ணில் காத்திருக்கும். ஒரு மழை பொய்த்தால் அடுத்த மழைக்கு வாரிசு இருக்கிறது.

காலில் குத்தியதைப் பிடுங்கி எறியப் போனால் என் அப்பத்தா விடமாட்டார். "வழியில போடாத ஆத்தா, பின்னாடி வர்றவுக காலு என்னாகும்?" என்று வாங்கிக்கொண்டுபோய் அடுப்பில் போடுவார்.

அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த நெருஞ்சி அங்கே சைக்கிள் டயர்களைப் பஞ்சராக்கும் பெருந்தொல்லை ஆனது. 1961-இல் இந்தியா, இத்தாலி போன்ற நாடுகளுக்கு உரிய இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒன்று காயைத் துளைக்கும், மற்றது தண்டைத் துளைக்கும். நம் மண்ணில் அந்த வண்டுகள் முன்பே இருக்கின்றன.

சித்த மருத்துவத்தில் நெருஞ்சில் நீர்க்கடுப்புக்கு உரிய மருந்து. ஆயுர்வேதத்தின் தசமூலத்தில் ஒன்று. யானை நெருஞ்சி வேறு செடி, எள்ளின் குடும்பம். அதன் தழையைத் தண்ணீரில் போட்டு அலசினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். பெயரை மட்டும் கேட்டுப் பறித்துக் குடிக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

எனக்கு இருக்கிற கவலை பொட்டலைப் பற்றியது. எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் அடைந்த இடத்தில் நெருஞ்சியைப் பார்க்க முடிவதில்லை. மிச்சமிருக்கும் வெட்டவெளியையும் ஒன்றுக்கும் உதவாத தரிசு என்கிறோம். நல்லெண்ணத்தோடு குழி தோண்டி மரக்கன்று வைக்கிறோம். மரம் வேண்டியதுதான், அதற்கு வேறு இடம் உண்டு. வெயில் குடித்து வாழும் செடிகளுக்குப் பொட்டலை விட்டால் போக்கிடம் இல்லை. அடுத்த முறை மண்வெட்டியோடு போகிறவர்கள், மழைக்குப் பின் ஒரு காலையில் அங்கே என்ன பூத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.