இலைசுருட்டியைக் கண்டு அவசரப்படலாமா?

வயல் வரம்பில் நடக்கும்போது சிறு அந்துப்பூச்சிகள் காலடியிலிருந்து எழுந்து, சற்றுத் தள்ளி மீண்டும் புல்லில் அமர்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மஞ்சள் கலந்த கபில நிறம். இறகின் குறுக்கே கருங்கோடுகள். விரல் நகத்தளவு உடல். நெல்லின் இலைசுருட்டிப் புழுவுக்கு இதுவே தாய். நெல்லும் ஒருவகைப் புல் என்பதால், வரம்புப் புல்லும் வயற்பயிரும் இதற்கு ஒன்றுதான்.

அந்து இலையில் முட்டையிடுகிறது. சில நாட்களில் வெளிவரும் புழு, இலையின் இரு ஓரங்களையும் நூலால் இழுத்துக் கட்டிக் குழலாக்குகிறது. உள்ளிருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்பதால் இலையில் வெண்கோடுகள் தோன்றுகின்றன. முட்டை முதல் அந்து வரை ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும்.

வெண்கோடுகளைக் கண்டதும் நம்மிற் பலர் கடன்பட்டாவது மருந்து வாங்கி அடிக்கிறோம். இது அவசியந்தானா?

இளம் பயிர், இழந்த இலைக்கு ஈடாகப் புதிய இலைகளையும் மட்டங்களையும் விடுகிறது. ஆகவே ஆரம்பத்தில் ஏற்படும் இலைச் சேதம் விளைச்சலைக் குறைப்பது அரிது. வியட்நாமின் லோங் ஆன் மாகாணத்தில் 1994இல், விதைத்த முதல் 40 நாட்களுக்கு இப்புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம் என்று வானொலி நாடகங்கள் மூலமும் துண்டுப்பிரசுரங்கள் மூலமும் எடுத்துச் சொன்னார்கள். ஒரு போகத்தில் சராசரியாக 3.4 தடவை மருந்தடித்த கமக்காரர், சில ஆண்டுகளில் அதை 1.6 தடவையாகக் குறைத்துக்கொண்டனர்.

அவசர மருந்து புழுவை மட்டுமா கொல்கிறது? புழுவை உண்ணும் சிலந்தியும், அந்தின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் சின்னஞ்சிறு குளவியும் சேர்ந்தே மடிகின்றன. காவலர் இல்லாத வயலில் கபிலநிறத் தத்தி பெருகி, பயிரையே எரித்துவிடவும் கூடும்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுவோம். அளவுக்கு மிஞ்சிப் பசுத்த பயிரையே இந்த அந்து நாடுகிறது. வயலில் விழும் மர நிழலைக் குறைப்போம். குடலைப் பருவம் முதல் மிகுந்த கவனம் தேவை. மணியை நிரப்புவது பெரும்பாலும் உச்சி இலைகளே; அவை பரவலாகச் சேதமுற்றால் விளைச்சல் குறையும். அந்நேரத்தில் விவசாயப் போதனாசிரியரை அழைத்து வயலைக் காட்டி, அவரது ஆலோசனைப்படி நடப்போம்.

அதுவரை கடைக்கு ஓடுமுன் வயலுக்குள் இறங்குவோம். சுருண்ட இலைகள் சிலவற்றை விரித்துப் பார்ப்போம். புழு இருக்கிறதா, வெறும் கூடுதானா? பக்கத்தில் சிலந்தி உண்டா? இவற்றைப் பார்க்கக் காசு செலவில்லை.