இல்லத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடம்

இசையைப் பதிந்து வைத்தல் பெருஞ்செல்வர்க்கே இயல்வதாயிருந்த காலம் கழிந்தது. 1979-ஆம் ஆண்டில் டாஸ்காம் நிறுவனத்தார், காசெட் நாடாவில் நான்கு தடங்களைப் பதியவல்ல போர்ட்டாஸ்டூடியோ என்னும் சிறு கருவியை வெளியிட்டனர். அமெரிக்கப் பாடகராகிய புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சி மாநிலத்து வீடொன்றில் அக்கருவியையும் எளிய ஒலிவாங்கிகளையுங் கொண்டு பதிந்த பாடல்களே, 1982-ஆம் ஆண்டில் 'நெப்ராஸ்கா' என்னும் இசைத்தட்டாக வெளிவந்தன. இன்று நாடாவின் இடத்தைக் கணிப்பொறி கொண்டது. 2000-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆயினும், கையிலுள்ள சிறுபொருளை எவ்வாறு பகுத்துச் செலவிடுவது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. அதனை யாங்கள் பிழை செய்தே கற்றோம்.

எண்பது வயது கடந்த என் பாட்டியாரின் நடவுப் பாட்டுக்களையும் தாலாட்டுக்களையும் பதிந்து வைக்க விரும்பி, யானும் உடன்மாணவர் மூவரும் கைச்செலவில் மிச்சம் பிடித்து 30,000 ரூபாய் சேர்த்தோம். விலையுயர்ந்த ஒலிவாங்கியே நல்லொலி தருமென நம்பி, அதற்கு 21,000 ரூபாயும், அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் இடைமுகக் கருவிக்கு 9,000 ரூபாயும் கொடுத்தோம். தாங்கிக்கும் ஹெட்ஃபோனுக்கும் காசில்லை. புத்தக அடுக்கின்மேல் ஒலிவாங்கியை நிறுத்தி, சிமிட்டித் தரையும் வெறுஞ்சுவரும் உடைய கூடத்திற் பாட்டியாரைப் பாடச் செய்தோம். அவர் 14 பாட்டுக்கள் பாடினார். விடுதிக்கு மீண்டு கேட்டபோதன்றோ, சொற்கள் எதிரொலியிற் கரைந்திருத்தலையும், மின்விசிறியின் இரைச்சல் ஓயாது தொடர்தலையும் கண்டோம்!

பிழை யாது? நாம் பெரிதும் கையாளும் ஒலிவாங்கிகள் இருவகைப்படும். கண்டென்சர் என்பது இடைமுகக் கருவியிலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தம் பெற்று, மிக நுண்ணிய ஒலியையும் வாங்குவது. டைனமிக் என்பது அத்துணை நுண்மையற்றது. விலையும் பெரும்பாலும் குறைந்தது. நல்ல அறையில் நுண்மை குணமாம். எதிரொலிக்கும் அறையிலோ அதுவே குற்றமாம். இன்னுமொன்று: வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயுள்ள தொலைவைப் பாதியாக்கினால், நேரே வருங் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும், அறையின் எதிரொலியோ பெரிதும் மாறாது. இதற்குக் காசு வேண்டுவதில்லை.

ஆதலின் முதற்செலவு அறைக்கே உரியது. 1895-ஆம் ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபமொன்றிற் பேச்சு விளங்காமையின் காரணத்தை ஆராயப் புகுந்தார் வாலஸ் சாபின் என்னும் பௌதிக ஆசிரியர். அவர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவிற் கொணர்ந்து மண்டபத்திற் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஐந்தரை விநாடியளவு நீடித்த ஒலி, மெத்தைகள் மிகுந்தோறும் குறுகிற்று. நமக்கு வேண்டுவதும் மெத்தையே. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவாருளர். அவை மெல்லியவாதலின் பெரும்பயன் தாரா. மெத்தையும் கம்பளியும் உள்ளெழும் எதிரொலியை அடக்குமேயன்றித் தெருவிலோடும் பேருந்தின் ஓசையைத் தடுக்கமாட்டா. அதற்குத் திண்ணிய சுவர் வேண்டும். சுவரெழுப்பப் பொருளில்லாதார் வைகறையிற் பதிதலே சிக்கனமாம்.

பின்னர் யாங்கள் அவ்வொலிவாங்கியை 13,000 ரூபாய்க்கு விற்றோம். அப்பணத்தில் டைனமிக் ஒலிவாங்கிக்கு 6,000, ஹெட்ஃபோனுக்கு 4,000, தாங்கி, கம்பிவடம், மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலை ஆகியவற்றிற்கு 3,000 என்று செலவிட்டோம். இடைமுகக் கருவியோடு சேர்த்து எண்ணினால் 22,000 ரூபாயே ஆகின்றது. விற்பனையில் இழந்த 8,000 ரூபாயை முதலிலேயே காத்திருந்தோமாயின், 4,000 அறைக்கும், எஞ்சிய 4,000 இரண்டாம் படியைச் சேமிக்கும் வட்டுக்கும் எதிர்பாராச் செலவுக்கும் போதுமாயிருந்திருக்கும். மடிக்கணினி முன்னரே உள்ளவர்க்கு இத்திட்டம் பொருந்தும். ஹெட்ஃபோனை வீண்செலவென்று எண்ணற்க. பதியும்போதே குற்றத்தைக் காட்டுவது அதுவேயாம். விநாடிக்கு 44,100 மாதிரி, 24 பிட்டு என்னும் அளவில் ஒரு தடத்திற் பதிந்தால், ஒரு மணி நேரப் பாட்டு அரை கிகாபைட்டினுங் குறைந்த இடமே கொள்ளும். ஆகவே இரண்டாம் படி வைத்தல் எளிது.

ஆறு திங்கள் கழித்துப் பாட்டியாரிடம் மீண்டுஞ் சென்றோம். வீட்டு மெத்தைகளையெல்லாம் சுவரோரம் நிறுத்தி, மின்விசிறியை அணைத்து, விடியுமுன் பதிந்தோம். ஒவ்வொரு சொல்லுந் தெளிவாய் விழுந்தது. ஆனால் அப்பொழுது அவர் நினைவில் 9 பாட்டுக்களே இருந்தன. ஏனைய ஐந்தும் அந்த முதற்பதிவில் மட்டுமே, மின்விசிறியின் இரைச்சலோடு, உள்ளன. இரைச்சலைக் குறைக்கும் மென்பொருள்கள் உளவேனும், எதிரொலியிற் கரைந்த சொல் முற்றும் மீள்வதில்லை. 30,000 ரூபாயை மறுபடியும் சேர்த்தல் கூடும். அவ்வைந்து பாட்டுக்களைச் சேர்த்தல் கூடாது.

விடுமுறைக்கு இல்லஞ் செல்லும் நண்பர்கள், கருவி வாங்குமுன் தம் வீட்டு அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிக் கேட்பாராக. செலவுத் திட்டத்தின் முதல் வரியை அவ்வறையே சொல்லிவிடும்.