பெட்டியின் எடையும் தராசின் முத்திரையும்

கோவளத்தில் ஒரு வீட்டில் பயணப் பெட்டி கட்டப்படுகிறது என்றால் அச்செய்தி தெரு முழுவதும் பரவிவிடும். அடுத்த வீட்டிலிருந்து ஊறுகாய் வரும். எதிர்வீட்டிலிருந்து, வளைகுடாவிலுள்ள தம் மகனிடம் சேர்க்கச் சொல்லி நெத்திலிக் கருவாடு வரும். மறுக்க யாருக்கு மனம் வரும்?

சென்ற ஆண்டு என் மைத்துனர் புறப்பட்டபோதும் அப்படித்தான். மளிகைக் கடைத் தராசில் பெட்டி இருபத்தொன்பதரை கிலோ, அனுமதியோ முப்பது. சீட்டு மலிவாகக் கிடைத்ததென்று வேறோர் ஊர் விமான நிலையம் வழியாகச் சென்றார். அங்கே தராசு 31.2 காட்டியது. கிலோவுக்கு 600 ரூபாய் வீதம், இரண்டு கிலோவாகக் கணக்கிட்டு 1200 ரூபாய் வாங்கினார்கள். அவருக்குப் பின்னால் நின்ற முதியவர், தம் பெட்டியை அடுத்த கவுண்டரில் மீண்டும் நிறுக்கச் சொன்னாராம். ஒன்றரைக் கிலோ குறைந்துவிட்டது! "ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன் மச்சான், கேட்க வெட்கமாக இருந்தது" என்று தொலைபேசியில் சொன்னார்.

எடைக் கட்டுப்பாடே வீண் என்று சொல்வதற்கில்லை. ஐந்து லிட்டர் ஜம்ஜம் கேன் ஒன்று சிறியதுதான். 150 பயணிகள் ஆளுக்கொன்று கொண்டுவந்தால் முக்கால் டன் ஆகிறது. 2019 ஜூலையில் ஜித்தாவிலிருந்து வரும் சில விமானங்களில், விமான வகை மாறியதால் ஜம்ஜம் கேன்களை ஏற்ற இயலாது என ஏர் இந்தியா அறிவித்தது. எதிர்ப்பு எழவே சில நாட்களிலேயே வருத்தம் தெரிவித்து, அனுமதிக்கப்பட்ட எடைக்குள் கொண்டுவரலாம் என்றது. கேட்டதால் கிடைத்த பதில் அது.

கட்டணம் வாங்கப் பயன்படும் தராசு, கடைத் தராசைப் போன்றதே. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் பொருள் விற்பனையை மட்டுமன்றிச் சேவைக்கான கணக்கீட்டையும் உள்ளடக்கியது. மின்னணுத் தராசை 12 மாதங்களுக்கொரு முறை சோதித்து முத்திரையிட வேண்டும். முற்கால இஸ்லாமிய ஆட்சிகளில் கடைத்தெருத் தராசுகளைச் சோதிப்பது முஹ்தஸிப் என்னும் அதிகாரியின் கடமைகளுள் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டில் இன்று அப்பணி தொழிலாளர் துறையிடம் உள்ளது.

நூறு கிராம் நுணுக்கத்தில் எடை காட்டும் சாதாரண வணிகத் தராசு, முப்பது கிலோவில் முத்திரையிடும்போது 50 கிராமுக்கு மேல் பிசகக்கூடாது. புழக்கத்தில் 100 கிராம் வரை பொறுக்கலாம். ஒன்றரைக் கிலோ எங்கே, நூறு கிராம் எங்கே! நாள் முழுதும் பெட்டிகள் வந்து மோதுவதால் தராசு பழுதாகலாம். முந்தைய பயணியின் பை ஓரத்தில் சாய்ந்திருக்கலாம். பெட்டி வைக்குமுன்பே எண் பூஜ்யத்தில் இல்லாமலும் இருக்கலாம். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பூஜ்யத்தைத்தான்.

நம் வீட்டுத் தராசும் குற்றமற்றதன்று. கையில் தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசு, கை நடுங்கினால் எண்ணை மாற்றும். இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. காலிக் கேனின் எடையைக் கூட்டிக்கொண்டு அதை மாட்டிப் பார்த்தால் தராசின் யோக்கியதை விளங்கிவிடும். பெண்மணிகள் இதைச் சமையற்கட்டிலேயே செய்து பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நிறுக்கும்போது பெட்டியின் அடியில் காலை முட்டுக்கொடுப்பவரையும், பிடியை இலேசாகத் தூக்கிப் பிடிப்பவரையும் நானே பார்த்திருக்கிறேன். அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை மதரஸாவில் பாடம் சொல்லும்போது வியாபாரியை மட்டுமே உதாரணம் காட்டி வந்தேன். இப்போது பயணியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சந்தேகம் வந்தால், பணம் கட்டுமுன் அடுத்த தராசில் நிறுக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள். முத்திரையின் தேதியைப் பாருங்கள். மறுத்தால் கவுண்டர் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, ரசீதைப் பத்திரப்படுத்தித் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். என் மைத்துனரின் ரசீது அவர் சட்டைப் பையிலேயே சலவைக்குப் போய்விட்டதாம். கருவாடு மட்டும் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.